தங்கபுஷ்பத்தின் சுழிநாள்

காலை ஏழு மணிக்குத் தங்கபுஷ்பத்தின் வலி ஆறு.

அவள் இடக்கையில் கிடந்த வலிக்காப்பு அப்படித்தான் சொன்னது. நூற்றுக்கு ஆறு. கொசு கடித்தால்கூட நல்ல உடம்புக்காரருக்கு எட்டு காட்டும். அந்த ஆறு வலியோடுதான் அவள் காப்பி டம்ளரைத் தூக்க முடியாமல், அதை மேசையில் வைத்தபடியே குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். முழங்கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. உள்ளங்காலில் யாரோ ஓயாமல் ஊசி ஏற்றுவது போலிருந்தது.

"எவ்வளவு காட்டுது?" அடுப்படியிலிருந்து கேட்டார் கணவர் ஆசீர்.

"ஆறு."

"நேத்து ஏழு இருந்துச்சே."

"தேறிட்டேன் போல" என்றாள் அவள். ஆசீர் சிரிக்கவில்லை. சிரிக்கிற காரியமும் இல்லை. காப்பு நாற்பது காட்டினால்தான் ஓய்வுரிமை. ஓய்வுரிமை இருந்தால்தான் வேலைக்குப் போகாமலே எஸ்டேட் வீட்டில் இருக்கலாம். ஆசீர் தேயிலை ஆலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. வீடு இப்போது அவள் பெயரில் நிற்கிறது. நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்தபடி பை நிரப்பும் வேலையை இத்தனை நாள் கொடுத்து வைத்திருந்தார்கள். புது மேனேஜர் வந்து பண்ணையை இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டார். இனி ஒன்று, மலையேறிக் கொழுந்து கிள்ள வேண்டும். இல்லை, நாற்பது காட்ட வேண்டும். இரண்டும் முடியாதென்றால் மாதக் கடைசியில் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான்.

மலை சூடேறிப் போன பிறகு வந்த நோய் அது. மான்கள் தேயிலைக்குள் இறங்கின. மானோடு உண்ணிகள் இறங்கின. டாக்டர்கள் அதை லைம் நோய் என்றார்கள். மலையில் அதற்கு உண்ணிவாதம் என்று பெயர். பதினொரு வருடத்துக்கு முன்னால் தங்கபுஷ்பத்தின் தொடையில் வட்டமாக ஒரு சிவப்புத் தடிப்பு வந்தது. படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவினாள். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மழைக்காலத்தில் சாக்குக் கட்டிக்கொண்டு நனைகிற பெண்களுக்குப் படர்தாமரை ஒரு நோயா என்ன? வட்டம் மறைந்தது. ஆறு மாதம் கழித்து முகத்தின் ஒரு பக்கம் தொங்கியது. பிறகு மூட்டு, பிறகு நரம்பு, பிறகு மறதி. நோயின் பெயரைக் கண்டுபிடித்து மருந்து ஏற்றுவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. கிருமியைக் கொன்றுவிட்டோம் என்றார்கள். அது இடித்துப் போட்ட வீட்டைக் கட்டித்தர யாரும் வரவில்லை.

அந்த உடம்போடு வாழ அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். காலையில் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி முழங்காலுக்கு ஒத்தடம். சமையல் உட்கார்ந்தபடி. உப்பு எது சீனி எது என்று டப்பாவுக்கு டப்பா எழுதி ஒட்டியிருந்தாள். குளித்த நாளில் துவைப்பதில்லை. துவைத்த நாளில் கோயிலுக்குப் போவதில்லை. வலியை எதிர்த்துப் போராடுவதையும் விட்டுவிட்டாள். வேண்டாத விருந்தாளியைப் போல அதை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஞாயிறு பிற்பகலில் உண்ணிவாதக்காரர்கள் ஒன்பது பேரைக் கூட்டி இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஒன்பது பேரும் தேறினார்கள். அவர்களுடைய காப்பும் இப்போது ஐந்து, ஆறு, எட்டு என்றுதான் காட்டியது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், காப்பு இப்படிக் காட்டுவதற்குக் காரணமே அவள்தான். முதலில் வந்த காப்பு எல்லோரையும் ஒரே கோலால் அளந்தது. அந்தக் கோலை நகரத்து உடம்புகளை வைத்துச் செய்திருந்தார்கள். மலைக்காரிகள் எவ்வளவு துடித்தாலும் பாதிதான் ஏறும். மாவட்ட விசாரணையில் தங்கபுஷ்பம் எழுந்து நின்று சொன்னாள்: "அவங்கவங்க வலிய அவங்கவங்க உடம்ப வச்சு அளங்க. யாரோ ஒருத்தர் உடம்ப எங்களுக்கு அளவா வைக்காதீங்க." மண்டபமே கைதட்டியது. அவள் சொன்னதையே விதியின் முதல் வரியாக எழுதினார்கள்.

எஸ்டேட் மருத்துவர் ஷாகிதாவிடம் அன்று போனபோதுதான் அந்த வரியின் அர்த்தம் அவளுக்கு விளங்கியது. ஷாகிதா சின்னப் பெண். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள்.

"காப்பு உங்க உடம்பத்தான் பார்க்குது அக்கா. போன தொண்ணூறு நாள்ல உங்களுக்கு எப்போ வலி ரொம்பக் குறைவா இருந்துச்சோ, அதைச் சுழியம்னு வச்சுக்கும். அதுக்கு மேல எவ்வளவு ஏறுதோ, அதுதான் உங்க வலி."

"எனக்குத்தான் குறையவே இல்லையே டாக்டரம்மா."

"அதான் பிரச்சினை. குறையாத வலிய அது வலியாவே எடுத்துக்கிறதில்ல. உங்க இயல்புன்னு நினைச்சுக்குது."

தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் தன் காப்பையே பார்த்தாள். "அப்ப நான் நல்லா இருந்த ஒரு நாள அதுக்குக் காட்டணும். அப்பத்தான் நான் நல்லா இல்லேன்னு நம்பும்."

"ஆமா."

"பதினோரு வருசத்துல அப்படி ஒரு நாளுக்கு நான் எங்க போவேன்?"

ஷாகிதா அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். மடையூசி. வயலுக்குப் போகும் தண்ணீரை மடையில் அடைப்பது போல, மூளைக்குப் போகும் வலியை எட்டு மணி நேரம் அது அடைத்துவிடும். தண்ணீர் எங்கும் போகாது. மடைக்குப் பின்னால் நிற்கும். "சுழிநாள் எடுக்கிறதுக்கு இத ஒரு தடவ போடலாம்னு விதியிலயே இருக்கு. ஆனா ஒண்ணு. போட்டுக்கிட்டுப் படுத்தே இருக்கணும். முட்டி தேஞ்சு போயிருக்கு. வலிதான் அதுக்குக் காவல். காவல் இல்லாத நேரத்துல ஓடியாடினா மிச்சமும் போயிரும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷாகிதா வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். எட்டரைக்குக் காப்பு சுழியத்தில் நின்றது.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் பதினொரு வருடமாக ஓடிக்கொண்டிருந்த மாவரைக்கும் இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். அது ஓடியது என்பதே அப்போதுதான் தெரிந்தது. தங்கபுஷ்பம் கட்டிலில் படுத்தபடி கால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"படுத்திரு புஷ்பம்" என்றார் ஆசீர். "டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"படுத்துத்தான இருக்கேன்."

அரைமணி நேரம் படுத்திருந்தாள். அதற்குமேல் யாரால் முடியும்? நோயில் கிடந்தபோதெல்லாம் எழுந்து வேலை பார்த்தவளை, நன்றாக இருக்கும் ஒரே நாளில் படுக்கச் சொன்னால் நியாயமா? எழுந்தாள். நின்றபடி தோசை வார்த்து ஆசீருக்குப் போட்டாள். போர்வைகளை அடித்துத் துவைத்தாள். ஆசீர் பின்னாலேயே வந்து தடுத்துப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடியைப் பிடித்துக் கொடுத்தார்.

பத்து மணிக்கு அவள் மலையில் இருந்தாள். குருவம்மா தன் நிரையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் ஞாயிற்றுக் கூட்டத்து ஒன்பது பேரில் ஒருத்தி, காப்பில் எட்டு, வேறு வழியில்லாமல் வேலைக்கு வந்து, காலை இழுத்து இழுத்து நடக்கிறவள். கையால் கிள்ளிய தேயிலைக்கு வெளிநாட்டில் மதிப்பு இருந்ததால் இந்த ஒரு வேலை மட்டும் இன்னும் மனிதர்களிடம் இருந்தது.

"என்ன மதினி, கல்யாணப் பொண்ணு மாதிரி வாறீங்க?"

"ஒரு நாள் கல்யாணம்டி. சாயங்காலம் தீந்துரும்" என்று சொல்லிப் பக்கத்து நிரையில் இறங்கினாள் தங்கபுஷ்பம். இரண்டு இலையும் ஒரு மொட்டும். விரல்கள் மறந்திருக்கவில்லை. சரிவில் ஏறினாள், இறங்கினாள், சாக்கு நிறைய நிறையச் சிரித்தாள். மத்தியானம் சாப்பிடக்கூட உட்காரவில்லை. முழங்காலுக்குள் ஏதோ நறநறவென்று அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. வலிக்கவில்லை என்பதால் அதை அவள் பொருட்படுத்தவில்லை.

மூன்றரைக்கு எடை. குருவம்மா காதோடு சொன்னாள்: "என் பேர்ல போட்டுருங்க மதினி. உங்க பேர் எதுக்கு?"

நல்ல யோசனை. புத்தியுள்ள யாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் கொழுந்துக்காரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் கையால் கிள்ளியதை அடுத்தவள் பெயரில் போட மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும் தன் சாக்கைத் தானே தூக்கித் தராசில் வைப்பார்கள். பதினொரு வருடமாகத் தராசு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தங்கபுஷ்பம் சாக்கைத் தூக்கி வைத்தாள். "தங்கபுஷ்பம், இருபத்திரண்டு கிலோ" என்றது தராசு. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலையை உதறிச் செருகிக்கொண்டு, ராணி மாதிரி வீட்டுக்கு நடந்தாள்.

நாலரைக்கு மடை திறந்தது.

முதலில் பாதம். பிறகு முழங்கால், இடுப்பு, தோள், தாடை. வாசல்படியிலேயே விழுந்தாள். செங்கல்லைச் சுட வைத்தார் ஆசீர், அவள் தொடவே விடவில்லை. மூலையில் உட்கார வைத்த விருந்தாளி இப்போது வீட்டுக்காரனாகத் திரும்பி வந்திருந்தான். மூச்சை எண்ணிப் பார்த்தாள், பாட்டை முணுமுணுத்துப் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த எதுவும் அவளுக்கே உதவவில்லை. முழங்காலைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் அது அதே பழைய வலிதான். தாங்கும் ஆள்தான் மாறிப் போயிருந்தாள். வலி இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மறக்க அதற்கு மறுபடி பதினொரு வருடம் வேண்டும்.

ஆசீர் காப்பைக் குனிந்து பார்த்தார். "எண்பத்து நாலு" என்றார். "எண்பத்து நாலு புஷ்பம். வீடு நமக்குத்தான்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அலறியபோது அவர் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். பிறகு தான் எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று அவருக்கே உறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. ஷாகிதாவே அதை எடுத்துக்கொண்டு வந்து படித்தாள். தொழிலாளியின் வலி எண்பத்து நான்கு என்பதை நிர்வாகம் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. அதே தொழிலாளி மடையூசியின் துணையுடன் சுழிய வலியில் இருபத்திரண்டு கிலோ கொழுந்து எடுத்திருப்பதும் தராசில் பதிவாகியிருக்கிறது. எனவே அவருக்குத் தேவை ஓய்வல்ல, சிகிச்சை. அவருக்கும், அவரைப் போன்ற மற்ற ஒன்பது பேருக்கும், வேலை நாள்தோறும் காலை எட்டு மணிக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் நிர்வாகமே மடையூசி போடும்.

"வேலை முடியுற வரைக்கும் வலிக்காது" என்றார் ஆசீர் மெதுவாக. "வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கும்."

"தினமும் போட்டா ரெண்டு வருசம் தாங்காது அக்கா. முட்டி பொடிஞ்சு படுத்துருவீங்க" என்றாள் ஷாகிதா. "நான் எழுதித் தர்றேன். மேல்முறையீட்டு மனு போடுவோம். தீர்ப்பு வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் வீட்டக் காலி பண்ணச் சொல்ல முடியாது, வேலைக்குக் கூப்பிடவும் முடியாது. பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும். நீங்க முதல்ல போட்டாத்தான் மத்தவங்க போடுவாங்க."

"ஆறு மாசமா?"

"ஆறே மாசம்."

தங்கபுஷ்பம் தலையாட்டினாள். வீடும் போகாது, முட்டியும் போகாது. கணக்கு அவளுக்கு நன்றாகவே புரிந்தது. விசாரணை மண்டபத்தில் எழுந்து நின்றவளுக்கு இது புரியாதா? நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அவள் காப்பு அப்போது எண்பத்தொன்றில் இருந்தது.

மறுநாள் காலை ஷாகிதா ஒரு கையில் ஊசிப் பெட்டியும் மறுகையில் மனுவுமாக மஸ்டருக்கு வந்தாள். நிர்வாகம் ஊசி போட வேண்டிய பத்துப் பேரின் பெயரைப் பலகையில் எழுதியிருந்தது. ஒருவரும் வர மாட்டார்கள் என்று நம்பித்தான் வந்தாள். வரிசை வாசல் வரை நின்றது. குருவம்மா இரண்டாவதாக நின்றாள். எல்லோருக்கும் முன்னால், ஆசீரின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பம் நின்றிருந்தாள். ஆறு மணிக்கே வந்துவிட்டதாக ஆசீர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஷாகிதா மனுவை நீட்டினாள். "அக்கா, கையெழுத்து?"

"அப்புறம் பாக்கலாம் டாக்டரம்மா" என்றாள் தங்கபுஷ்பம். ரவிக்கைக் கையை ஏற்கனவே தோள்வரை சுருட்டி வைத்திருந்தாள். "முதல்ல ஊசியப் போடுங்க."