மாப்பிள்ளை கிப்பன் சாப்பிடவில்லை

"ஏம்மா, நம்ம பூங்காவுலயே ரெண்டு ஆண் கிப்பன் குரங்கு இருக்கே. எதுக்கு அவ்வளவு தூரத்துலருந்து இன்னொண்ணு?"

"அதுங்க ரெண்டும் நம்ம பெண் கிப்பனோட கூடப்பிறந்ததுங்கடி, வாயாடி. காட்டுல இந்த இனமே குறைஞ்சுக்கிட்டு வருது. குட்டிங்க நோய்நொடி இல்லாம பொறக்கணும்னா சொந்தத்துல ஜோடி சேர்க்கக் கூடாது. அதான் பல ஊர் பூங்காக்காரங்க சேர்ந்து, ஒரே பதிவேடு வெச்சுப் பொருத்தம் பார்க்கிறோம்."

"அப்போ வர்றது மாப்பிள்ளை!"

போன வாரம் அம்மாவோடு சிரித்துப் பேசியதெல்லாம் வாயாடிக்கு நினைவு வந்தது. அந்த மாப்பிள்ளை இப்போது கூண்டின் உச்சிக் கிளையில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக ஒரு துண்டுப் பழம்கூடத் தொடவில்லை. அடுத்த கூண்டிலிருந்து பெண் கிப்பன் எட்டி எட்டிப் பார்த்தது.

"மாப்பிள்ளை முறுக்கு!" என்றார் காவலாளி மாமா. யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கும் சாப்பிடலைன்னா திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்," என்றார் டாக்டர். கிப்பன்களைப் பராமரிக்கும் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

கிப்பனோடு கூடவே வந்த குறிப்பேட்டை வாயாடி புரட்டினாள். எடை, மருந்து, பழங்களின் பட்டியல், எல்லாம் இருந்தன.

"அங்கே இதுக்குச் சாப்பாடு வெச்சது யாரு? அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"ஆபீஸ்லதான் பேசினோம்..." என்று அம்மா இழுத்தாள்.

ஐந்தே நிமிடத்தில், அங்கே அதற்குச் சாப்பாடு வைத்த அக்கா போனில் கிடைத்துவிட்டாள்.

"அது சாப்பிடுறப்போ எத்தனை பேரு பார்க்கிறீங்க, பாப்பா?"

"நாலு பேரு. டாக்டர் பைனாகுலர்ல பார்க்கிறாரு."

"ஐயையோ! அவன் பயங்கரக் கூச்சக்காரன். பழத்தை வெச்சுட்டு, முதுகைக் காட்டி உட்காருங்க."

நால்வரும் திரும்பி உட்கார்ந்தார்கள். டாக்டரின் கழுத்து மட்டும் மெல்லத் திரும்பியது. வாயாடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கிளை ஆடியது. தட்டு நகர்ந்தது. பிறகு, சப்புக்கொட்டும் சத்தம்! அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வாயாடி மறுபடியும் போன் போட்டாள்.

"தட்டு காலி, அக்கா! இப்போ பாட்டு வேற. இவன் ஊஊன்னு இழுக்கிறான், அந்தப் பக்கத்துலருந்து அவ எதிர்ப்பாட்டு பாடுறா!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவனை வண்டியில ஏத்தின நாள்லருந்து ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன், பாப்பா. என்ன நினைப்பீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்."

"சும்மா கேளுங்கக்கா."

"போனைக் கொஞ்சம் கூண்டுப் பக்கம் நீட்டுறியா?"