ஹாஜியாரின் ஈரச் செருப்பு

"அன்ரி, செத்துப்போன ஒருத்தர் என்ட படத்தைக் கொல்லப் பார்க்கிறார்" என்றபடி உடப்பு ஊர் இயக்குநர் வினோஜா கதிரையில் விழுந்தாள்.

ஊருக்கே ராத்தாவான, அதாவது அக்காவான, மரியம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் நாக்கால் மட்டுமே உப்பைத் தரம் பிரித்து ஓய்வு பெற்றவர் அவர். பூமி பிளந்தாலும் கோப்பை காலியான பிறகுதான் எட்டிப் பார்ப்பார். துள்ளி எழுந்தவன் ஓட்டோக்காரன் சாள்ஸ். மர்மம் என்று கேட்டால் அவனுடைய காது இரண்டு அங்குலம் வளரும்.

விடயம் இதுதான். ஆலங்குடாத் திரைவட்டம் ஜனவரியில் கொடுக்கும் 'முதற்சங்கு', வருடத்தின் முதல் பட விருது. யுத்தம் முடிந்தபின் நான்கு முறை கொடுத்தாயிற்று. நான்கு முறையும் அதே படமே மார்ச்சில் கொழும்பின் பெரிய விருதையும் வென்றது. சங்கு கிடைக்காத படத்தைக் கொழும்பு நடுவர்கள் கொட்டாவி விட்டபடி பார்ப்பார்கள். தியேட்டர்காரர்கள் பார்க்கவே மாட்டார்கள். மூன்று வருடம் பாடுபட்டு எடுத்த 'கண்டல் நிழல்' படத்துக்கு வினோஜா நம்பியிருந்தது இந்தச் சங்கை மட்டும்தான்.

"நேற்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனம். திரும்பி வந்தால் மண்டபத்துக்குள்ள ஈரச் செருப்படி. விருதுச் சங்கு பெட்டியை விட்டு வந்து 'வெள்ளைப் பாய்' போஸ்டருக்கு முன்னால நிக்குது! ஹிஸ்புல்லா ஹாஜியார்ட செருப்படிதான் எண்டு நடுவர் மூண்டு பேரும் நடுங்கினம். இண்டைக்கு நாலு மணிக்கு வாக்கு. அவர் காட்டின படத்துக்குத்தான் போடுவினமாம்."

சாள்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். திரைவட்டத்தைத் தொடங்கிய ஹாஜியார் போன வருடம் உச்சமுனைத் தீவுக்குத் தோணியில் புறப்பட்டார். தோணி மட்டும் திரும்பி வந்தது.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்துக்கு வெளியே காற்று தென்னைகளை வேரோடு பிடுங்கிவிடுவது போல வீசியது. உள்ளே ஒரு திரைச்சீலைகூட அசையவில்லை. கடற்பக்கக் கதவிலிருந்து போஸ்டர் வரை செருப்புத் தடங்கள் காய்ந்து, ஓரம் வெளுத்துக் கிடந்தன. முன்வரிசையில் ஹாஜியாரின் கதிரை. அதில் உட்கார இன்றுவரை யாருக்கும் துணிவு வரவில்லை.

மரியம் வெளுப்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"நான் சாப்பிடப் போகல்ல, மேல புரொஜெக்டர் அறையில இருந்த, ராத்தா" என்றார் திரைவட்டச் செயலாளர் றஸீன். "ஒரு சத்தமும் கேக்கல்ல. முன்கதவு வெளியால பூட்டு."

கடற்பக்கக் கதவருகே நேற்று முழுக்கக் கருவாடு காயப்போட்ட அனஸ்தாசியா சத்தியம் பண்ணினாள்: "ஒரு காகம்கூட உள்ள போகயில்ல, வெளிய வரயில்ல."

"நெய்னார்தான், ராத்தா!" சாள்ஸ் கிசுகிசுத்தான். "'வெள்ளைப் பாய்' அவர்ட படம். உப்பளமும் வச்சிருக்கிறார்."

மரியம் அலுமாரியைத் திறந்தார். நினைவாக வைத்திருந்த ஹாஜியாரின் செருப்பு இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் சுருட்டிய புதுப் பெனர்: 'ஐந்துக்கு ஐந்து! கொழும்புக்கு வழிகாட்டிய சங்கு!'

நான்கு மணிக்கு எல்லோரும் கூடினார்கள்.

"கடல் தண்ணி காஞ்சு வார உப்பு கசக்கும்" என்றார் மரியம். "அதாலதான் அள்ளின உப்ப மாசக்கணக்கா குவிச்சு வெக்கிற. கசப்பு வடிஞ்ச பொறகுதான் கடைக்குப் போகும். இந்தத் தடத்தில துளி கசப்பில்ல. கடல்ல மௌத்தான மனுசன் கடையில உப்பு வாங்கினாரா?"

மரியம் கடற்பக்கக் கதவைக் காட்டினார்.

"கடல் அம்பது அடியில இரிக்கி. வெளியால வந்தவன் ஒரு வாளி மொண்டிருப்பான். நெய்னார் உப்புக்காரர், இந்தப் பிழைய விடமாட்டார். வெளிய கால் வெச்சா அனஸ்தாசியா கண்டுருவா எண்டு பயந்த ஒருத்தர்தான் மண்டபத்துச் சமையல் குசினி உப்பக் குழாய்த் தண்ணியில கரைச்சிருக்கார். உள்ளுக்கு இருந்தது நீங்க மட்டும்தான், தம்பி றஸீன்."

"நானா? 'கண்டல் நிழல்' பாத்து மூணு தரம் அழுத ஆள் நான்!"

"அழுத கண்ணாலயே கணக்கும் பாத்தீங்க. மார்ச் மாசத்துப் பெனர் ஜனவரியிலயே அலுமாரிக்குள்ள. கொழும்பில 'வெள்ளைப் பாய்'தான் வெல்லப்போற எண்டு கதை வந்திட்டு, இல்லியா?"

றஸீனின் தலை தொங்கியது. "நாலு வருசமும் அங்கத்தக் கதையக் கேட்டு நடுவர்மார்ட காதில போட்டதும் நான்தான். இந்த முறை அவங்க மசியல்ல. ஒரு தரம் பிழைச்சா நம்மட சங்க ஆரு மதிப்பாங்க, ராத்தா?"

"அப்ப சங்கு கொழும்புக்கு வழி காட்டல்ல. கொழும்புக்குப் பின்னால நடந்திருக்கு" என்றார் மரியம். "இண்டைக்காவது அது சொந்தமா ஊதட்டும்."

எல்லோருடைய கண் முன்னாலும் மூன்று சீட்டுகள் பிரிக்கப்பட்டன. மூன்றிலும் 'கண்டல் நிழல்'. முதலில் கைதட்டியவர் நெய்னார். வினோஜா போஸ்டரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"ராத்தா," சாள்ஸ் முன்வரிசையைக் காட்டினான். "ஹாஜியார்ட கதிரை ஈரமா இருக்கு."

றஸீன் இருந்த இடத்தைவிட்டு அசையவேயில்லை. மரியம் போய்க் கதிரையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார்.

"குசினி உப்புத்தானே, ராத்தா?"

முப்பத்தொரு வருடம் பிழை விடாத நாக்கு அது. மரியத்தின் முகம் மெல்லச் சுளித்தது.

"கசக்குது, சாள்ஸ்."