பூட்டாத திரை

கோபன்ஹேகனில் ஒரு பெரிய வங்கியின் பழைய கட்டடத்துக்குள் நான் முதன்முதல் நுழைந்தது நவம்பர் மாதத்து மழை நாளொன்றில். விடிந்துவிட்டது என்று பெயர், வெளிச்சம் இல்லை. தடித்த சுவர்கள், நீண்ட நடைபாதை, ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் எரிகிற விளக்குகள். வங்கியில் தொழில்நுட்ப வேலை, கூடவே படிப்பு, முடிவில் பட்டம். இப்படிப் பயில்கிறவரை இங்கே எலெவ் என்பார்கள். தகுதிகாண் காலம் முடியும்வரை எலெவை எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பலாம். என் அம்மா யோகமலர் அதற்குள் எங்கள் புறநகர் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்கச் செய்தியைப் பரப்பியிருந்தார். இடம் பறிபோனால் நான் தெருவில் முகம் காட்ட முடியாது.

வாசலில் கிருஷாந்த் அண்ணை காத்துநின்றார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், வங்கியில் மூத்த பொறியாளர். என்னை விண்ணப்பிக்கச் சொன்னதே அவர்தான்.

"இஞ்ச தமிழாக்கள் நாங்கள் ரெண்டு பேர்தான், சாரங்கி. ஒண்டுக்கும் பயப்பிடாத. நான் இருக்கிறன்."

நம்பினேன். ஊர்க்காரரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஜன்னலோரம் எனக்கு மேசை தந்தார்கள். கதிரையில் உட்கார்ந்த வேகத்தில் எழும்பிவிட்டேன். இருக்கை ஈரமாக இருந்தது. நனைந்த ஜாக்கெட்டும் சைக்கிள் சங்கிலி எண்ணெயும் கலந்த ஒரு மணம்.

"கூரை ஒழுகுது போல," என்றார் அண்ணை, கூரையைப் பார்க்காமலே.

பக்கத்து மேசை மெட்ட என்கிற டெனிஷ் பெண், பல வருடம் அங்கே இருப்பவர், முதல் நாளே ஒரு வழக்கத்தைச் சொல்லித் தந்தார். கணினித் திரையைப் பூட்டாமல் எழும்பிப் போனால், யாராவது வந்து உட்கார்ந்து, உன் பெயரில் எல்லோருக்கும் 'நாளைக்கு நான் கேக் கொண்டு வருகிறேன்' என்று அனுப்பிவிடுவார்கள். மறுநாள் நீ கேக் கொண்டுவந்தே ஆகவேண்டும். திரையைப் பூட்டப் பழக்குவதற்கு டென்மார்க்காரர் கண்டுபிடித்த இனிப்பான தண்டனை.

வங்கிக்கென்று ஒரு விதியும் இருந்தது. வாடிக்கையாளரைத் தொடும் எந்த மாற்றத்தையும் ஒருவர் எழுத, வேறொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். நான்கு கண் விதி என்பார்கள். அண்ணை எழுதுவதைப் பார்க்க வேண்டிய இரண்டு கண்கள் என்னுடையவை. அண்ணைக்கோ பொறுமை கிடையாது.

"நீ போய்க் கோப்பி எடுத்துக்கொண்டு வா. திரையைப் பூட்டாத. உன்ர பக்கத்தில நானே பாத்து விடுறன்."

"அது பிழையில்லையோ, அண்ணை?"

"எங்கட ஆக்களுக்குள்ள என்ன பிழை?"

போனேன். திரும்பி வர எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை என் மேசைக்கு வந்துசேரும் முன்பே என் பெயரில் கேக் செய்தி போயிருந்தது. யார் அனுப்பியது? இந்தக் குறும்பைச் செய்தவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கதிரை மறுபடியும் ஈரம்.

அடுத்த கிழமை அண்ணை மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் திறந்து விட்டுப் போனேன். மறுபடியும் கேக் செய்தி வந்தது. ஆனால் அடியில் ஒரு பெயர் இருந்தது.

றொனிஷன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மெட்ட என்னைக் கோப்பி இயந்திரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் மெல்லிய குரலில் சொன்னார். "உனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்த தமிழ் எலெவ். பிழையான மாற்றம் ஒன்றை அனுமதித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். தான் செய்யவே இல்லை என்று அழுதான். அன்று மழை. சைக்கிளில் போனவனைக் காணாமல், திரும்பிய லொறி ஒன்று ஏறிவிட்டது. அங்கேயே செத்துப்போனான்."

நான் அண்ணையிடம் கேட்டேன். "அவன் ஒரு கவனமில்லாத பெடியன்," என்றார். அவ்வளவுதான்.

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு வியாழன் பின்னேரம். டிசம்பர் மாதம் என்பதால் வெளியே அதற்குள் இருட்டு. அண்ணை கேட்டபடி அன்றைக்கும் திரையைத் திறந்து விட்டு, நான் மெட்டவோடு கோப்பி இயந்திரத்தடியில் நின்றேன். தூரத்தில் என் மேசையில் அண்ணை குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே இருந்த விளக்கு அணைந்தது. எரிந்தது.

அவர் இருந்த கதிரையின் முதுகில் பத்து விரல்கள்.

ஈரமான விரல்கள்.

பின்னால் ஆள் இல்லை.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். விரல்கள் இல்லை. அண்ணை கழுத்தைத் தடவிக்கொண்டு எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் நாடு முழுவதும் கடைகளில் எங்கள் வங்கி அட்டைகள் வேலை செய்யாமல் நின்றன.

மேலாளர் எங்கள் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். அண்ணை என்னைப் பார்க்காமலே பேசினார். "எழுதியது நான்தான். ஆனால் பார்த்து அனுமதித்தது சாரங்கி. கவனமாகப் பார் என்று சொன்னேன்."

"நான் அந்த நேரம் மெட்டவோடு நின்றேன்!" என்று கத்தினேன். மெட்ட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் எல்லோருடைய கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன.

செய்தி கிருஷாந்த் அண்ணையின் பெயரிலிருந்து வந்திருந்தது. அவர் தன் திரையை ஒருநாளும் பூட்டாமல் எழும்பியதில்லை. செய்தி தமிழில் இருந்தது.

'அண்ணை, ஏன்?'

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் மேலாளர்.

அண்ணை கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்குக் கேக் என்று. யாரோ விளையாடுகிறார்கள்."

"பொய்!" என்றேன். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் மூத்த பொறியாளர். என் சொல் எடுபடவில்லை. என் நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். "கிருஷாந்த் அப்பிடிச் செய்யிற பிள்ளையில்லை. நீதான் எங்கயாவது பராக்குப் பாத்திருப்பாய்." வேலை போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது. எனக்கே இப்படியென்றால் றொனிஷனை அன்றைக்கு யார் நம்பியிருப்பார்கள்?

அடுத்த நாள் காலை மெட்டவின் அழைப்பு வந்தது.

"கிருஷாந்தின் மேசையில் ஒரு கேக் பெட்டி இருந்தது. நான்தான் கதவைத் திறந்தேன், எனக்கு முன் யாரும் வரவில்லை. பெட்டி ஊறிப்போய் இருந்தது. அதன் மேல் குறுக்கே லொறிச் சக்கரத்தின் தடம்."

"அண்ணை?"

"பார்த்தார். ஜாக்கெட்டும் போடாமல் மழைக்குள் ஓடினார். இன்னும் வரவில்லை. நீ என்னோடு நின்றாய் என்று இப்போது மேலாளரிடம் சொல்லிவிட்டேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும். கிருஷாந்தைப் பகைக்கப் பயந்தேன். றொனிஷன் விசயத்திலும் அப்படித்தான் பேசாமல் இருந்தேன். உன் இடம் உனக்குத்தான், திங்கட்கிழமை வா."

சந்தோசப்பட வேண்டிய நேரம். என்னால் முடியவில்லை.

"சாரங்கி," என்று கிசுகிசுத்தார் மெட்ட. "அவர் திரையைப் பூட்டாமல் ஓடிவிட்டார். அதில் எழுத்துகள் வந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஒருவரும் இல்லை. உங்கள் எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது."

படம் எடுத்து அனுப்பினார். பெரிதாக்கி வாசித்தேன்.

'தங்கச்சி, கதிரையைத் துடைச்சு வைச்சிருக்கிறன். கெதியா வாங்கோ.'