வளைவில் ஒடியாத ஸ்டியரிங்

காலை ஏழு நாற்பது. குன்னத்துகாலுக்கு முந்தின வளைவில், ஓமனாவின் சாயாக்கடை பெஞ்சை நொறுக்கிவிட்டு, லாரி முன்சக்கரத்தை ஓடையில் இறக்கி நின்றது. பெஞ்சில் ஆள் இல்லை. அதில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சாயா குடித்து எழுந்துபோய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டிரைவர் பொன்னுதாஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருட ஓட்டம். அம்பூரி மலையிலிருந்து ரப்பர் பால் பீப்பாய்களை ஏற்றிப் பாறசாலை குடோனுக்கு இறக்குகிற வண்டி அது. பழைய வண்டிதான், ஆனாலும் பம்ப் எண்ணெயைத் தள்ளித் திருப்பிவிடுகிற பவர் ஸ்டியரிங், ஒற்றைக் கையால் ஒடித்துவிடலாம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் அலறும்போது மட்டும் திடீரென்று ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை. முதல் தடவை நெய்யாற்றின்கரை ஒர்க் ஷாப்பில் பம்பை மாற்றினார்கள். அடுத்த தடவை ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துக் கட்டினார்கள். மூன்றாவது தடவை ஹோஸ்கள் புதிது. ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் நன்றாக ஓடும். பிறகு பழையபடி.

ஏழு ஐம்பதுக்குப் பொன்னுதாஸ் முதலாளி தாணுமாலயனுக்குப் போன் அடித்தான்.

"இது தானா வந்த கேடு இல்ல முதலாளி. ஆளு கை வச்ச கேடாக்கும்."

ஆளின் பெயரையும் சொன்னான். வேதமணி. அதே வண்டியில் லோடு ஏற்றி இறக்குகிறவன், இருபத்தொன்பது வயது. நாலு மாதம் முன்னால் கனரக லைசென்ஸ் எடுத்திருந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் லாரியின் முன்கிரில்லுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்ததைப் பொன்னுதாஸ் கண்ணால் பார்த்திருந்தான்.

பதினோரு மணிக்கு நேரில் வருவதாகச் சொன்னார் தாணுமாலயன். அந்தப் புது ஹோஸ்களை மாட்டின, காரக்கோணத்தில் ஹோஸ் கடை வைத்திருக்கும் சிஜியை அதற்குள் அனுப்புவார். ஹோஸில் கத்தி பட்டிருக்கிறது என்று அவள் சொன்னால் நேராக போலீஸ். அதன்பிறகு வேதமணிக்கு இந்த வண்டி மட்டுமல்ல, மாநில எல்லையின் இரண்டு பக்கத்திலும் எந்த வண்டியும் இல்லை.

வேதமணி ஓடைக்கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, நொறுங்கின பெஞ்சின் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

ஒன்பது பதினைந்து. சிஜி ஸ்கூட்டரில் வந்தாள். வந்தவள் ஸ்பேனரைத் தொடவில்லை. லாரியை ஒரு சுற்று சுற்றினாள். ஹோஸை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினாள், பசுவின் கழுத்தைத் தடவுகிறமாதிரி. ஒரு கீறலை அவளுக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருந்த பொன்னுதாஸ் அதைச் சுட்டிக் காட்டினான்.

சிஜி நகத்தை வைத்துப் பார்த்தாள். கீறலுக்குள் பழைய தூசி அடைந்திருந்தது.

"இது நான் கிளாம்ப் மாட்டினப்ப ஸ்பேனர் வழுக்கினதாக்கும். எனக்க கைதான். உள்நூல்வரை போவல்ல, ஒண்ணும் செய்யாது."

தன் கைப்பிழையை இப்படி நாலு பேர் முன்னால் தானே சொல்கிற மெக்கானிக்கைப் பொன்னுதாஸ் அதுவரை கண்டதில்லை. அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒன்பது நாற்பது. வண்டியை ஜாக்கி கொடுத்துத் தூக்கி, எஞ்சினை ஓடவிடச் சொன்னாள். மெதுவாக ஓடும்போது ஸ்டியரிங் பூப்போலத் திரும்பியது. ஆக்சிலேட்டரை மிதித்து வைக்கச் சொன்னாள். அரை நிமிடத்தில் பம்ப் ஊளையிட்டது, ஸ்டியரிங் கல்லானது. எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் சும்மா இருந்தாள். மறுபடி ஓட்டினால் பூ.

பிறகு கேள்விகள். முதலில் வேதமணியிடம் போனாள்.

"செவ்வாக்கிழமை உள்ள கைய விட்டது எதுக்கு?"

"கிளாம்ப் லூசா எண்ணு பாத்தேன். எறக்கத்துல நானும் அதுலதான இருக்கேன்."

அவ்வளவுதான் அவனிடம். பொன்னுதாஸிடம் திரும்பினாள்.

"ஸ்டியரிங் எண்ண கொறையுமா அண்ணா?"

"பழைய வண்டியில்லா, மூணு நாலு மாசமா கசியுது. சனிக்கிழமைதோறும் அரை மக் ஊத்துவேன். இன்னைக்குக் காலத்தயும் ஊத்தினேன்."

"கேன்ல இருந்து நேராவா?"

பொன்னுதாஸுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. கேனிலிருந்து நேராக ஊற்றுகிறவன் டிரைவரா என்று அவளிடம் விளக்கினான். வெள்ளிக்கிழமை ராத்திரியே எண்ணெயை மக்கில் எடுத்து மூடிவைத்துவிடுவான். தூசி, கரடு ஏதாவது இருந்தால் அடியில் தங்கிவிடும். காலையில் நிதானமாக ஊற்றுவான். மக்கும் எந்த மக்கோ இல்லை. தினமும் பீப்பாயிலிருந்து ரப்பர் பாலில் சாம்பிள் எடுக்க அவனே வைத்திருக்கும் மக், தினமும் அவனே கழுவிவைப்பது. சீட்டுக்கு அடியிலிருந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்து நீட்டினான்.

உள்ளே தூசி துரும்பு இல்லை. மேல்பாதி மங்கின வெள்ளை, கீழ்ப்பாதி பளபளக்கிற நீலம். சிஜி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லாரிப்படியில் வைத்தாள்.

பத்து இருபது. ஓமனாவிடம் சாயா வடிகட்டுகிற பழைய அரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். எண்ணெய்த் தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றி, சிவந்த எண்ணெயை அரிப்பு வழியாக ஒரு வாளியில் இறக்கினாள். கடைசியில் தொட்டிக்குள் இரண்டு விரலை விட்டு, பம்ப் உறிஞ்சுகிற வாய்ப்பக்கம் துழாவினாள். விரலில் என்னவோ தொங்கியது. எண்ணெயின் நிறமே அதற்கும். மீன் செவுள்போல வழவழவென்று, உள்ளங்கை அகலம். இழுத்தாள். நீண்டது. விட்டாள். சுருங்கியது.

"அது பழைய ஆயில் சீல் துண்டு" என்றான் பொன்னுதாஸ்.

"சீலு கறுப்பில்லா அண்ணா?"

பிறகு அவள் பேசினதை, பின்னாளில் பொன்னுதாஸ் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான், ஒரு சொல் விடாமல்.

"மூணு தடவ மூணு சாமானத்துல கை வச்சாச்சு. மூணு தடவயும் செரியாச்சு. அப்போ மூணும் குத்தவாளி இல்ல. மூணு வேலைக்கும் பொதுவா செய்தது என்ன? எண்ணய வடிச்சு, தொட்டியத் தொடச்சது. செரியானது அதுலயாக்கும். செய்தவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியல்ல. பொறவு மூணு வாரத்துல புதுசா உள்ள போயிருக்கு. உள்ள போவ ஒரே வழிதான் உண்டு, மூடி."

மக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இந்த மக் நீலம் அண்ணா. மேல உள்ள வெள்ள, ரப்பர் பாலு காஞ்சு படிஞ்ச தோலு. தண்ணில எவ்வளவு கழுவினாலும் அது போவாது. கீழ்ப்பாதித் தோலு எங்க போச்சு? ராத்திரி முழுக்க எண்ணயில ஊறி, வீங்கிப் பிரிஞ்சு, காலத்த எண்ணயோட சேந்து தொட்டிக்குப் போச்சு. வாரம் ஒண்ணு. எஞ்சின் வேகமா ஓடினா பம்ப் அதை உறிஞ்சி வாயில அடைச்சுக்கிடும். நிறுத்தினா தானே விழுந்திடும்."

பொன்னுதாஸ் மக்கின் உள்ளே பெருவிரலால் அழுத்தித் தேய்த்தான். வெள்ளைப் பக்கத்திலிருந்து மெல்லிய தோல் சுருண்டு வந்தது. இருபத்தாறு வருடம் ரப்பர் நாட்டில் ஓட்டினவன். எண்ணெய் பட்டால் ரப்பர் வீங்கும் என்பது அவனுக்கும் தெரியும். தினமும் கையில் பிடித்ததை ஒரு நாள்கூட அவன் பார்த்ததில்லை. இவளோ ஒரே ஒரு தடவை வெயிலில் திருப்பினாள். அவனுக்கு அவமானத்துக்கு முன்னால் வியப்புதான் வந்தது. எழுந்து அவளைக் கும்பிடலாம்போல இருந்தது.

"கவனமில்லாதவன் கேன்ல இருந்து நேரா ஊத்தியிருப்பான், ஒரு கேடும் வந்திருக்காது" என்று மெதுவாகச் சொன்னாள் சிஜி. "முதலாளிட்ட ஹோஸு நல்லா இருக்குண்ணு சொல்லுவேன். எனக்க வேல அதுதான். மிச்சம் நிங்க பாத்துக்கிடணும்."

பத்து ஐம்பத்தைந்து. தாணுமாலயனின் கார் வந்து நின்றது. சிஜி கழற்றின குழாயை மாட்டி, புது எண்ணெய் நிரப்பி, கை துடைத்துக்கொண்டிருந்தாள். ஹோஸில் குற்றமில்லை என்றாள். முதலாளி பொன்னுதாஸைப் பார்த்தார்.

பொன்னுதாஸ் மக்கைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. தாணுமாலயன் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"செரி, தெரியாம செய்தது. பிறகு எதுக்கு எலே அவனுக்க பேரச் சொன்ன?"

வேதமணி ஓடைக்கரையிலிருந்து எழுந்து நின்றான். பொன்னுதாஸ் அவனைப் பார்க்காமல், லாரியைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"அவனுக்கு லைசென்ஸ் கிடைச்சுதில்லா முதலாளி. எனக்க வயித்தெரிச்சலாக்கும்."

வழியே வந்த இன்னொரு லாரியில் வடம் கட்டி வண்டியை ஓடையிலிருந்து இழுத்து ஏற்றினார்கள். பொன்னுதாஸ் பழக்கதோஷத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இறக்கத்தில் இன்னும் ஐந்து வளைவு உண்டு. சாவியைத் திருப்பக் கை எழவில்லை.

டிரைவர் பக்கத்துக் கதவை வேதமணி வெளியே நின்று திறந்தான்.

"அண்ணா, அங்கோட்டுத் தள்ளி இரும்."

பொன்னுதாஸ் தள்ளி உட்கார்ந்தான்.