செத்தவர் பெயரை நீக்கவும்!

டெலிபோன் அலறியது!

அய்யூப் ரிசீவரை எடுத்தான்.

"தம்பி... செத்துப்போனவியளுக்கு இன்னும் எம்புட்டு நாளைக்கு லெட்டர் வரும்?"

"யாரு... சௌந்தரவல்லி அக்காவா?"

"கடைக்கு வாரேன். இன்னைக்கே அதை நிறுத்திப்புடணும்."

லைன் செத்தது.

ராஜபாளையம். 1999, ஆடி மாதத்து சனிக்கிழமை. காலை பத்தரை மணி.

அய்யூப்பின் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒரே ஒரு ஈமெயில் முகவரி. ஊரில் யாருக்கு மெயில் வந்தாலும் அதில்தான் வரும். அய்யூப் பிரிண்ட் எடுத்து, பெயர் எழுதிய கிளிப்பில் மாட்டி வைப்பான். வந்து வாங்கிப் போவார்கள்.

ஒரு கிளிப் மட்டும் வீங்கிக் கிடந்தது.

ஹயக்ரீவன்!

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். உலகம் முழுக்க இருக்கும் நாய்ப் பிரியர்களின் மெயிலிங் லிஸ்டில் உறுப்பினர். ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போகும். தினமும் முப்பது மெயில்!

அவர் செத்து நாற்பது நாள் ஆகியும் முப்பது மெயில்!

உடம்பு கிடைக்கவில்லை. கண்மாய்க் கரையில் ரத்தம் தோய்ந்த சட்டை கிடைத்தது. பக்கத்தில் ஒரு நாய்ச் சங்கிலி. சங்கிலி, கான்சாபுரம் சிவனாண்டியுடையது. கலப்பு நாய்க்குட்டியை அசல் என்று ஹயக்ரீவன் வெளிநாட்டுக்கு விற்றதை லிஸ்டில் போட்டு உடைத்தவன் இந்தச் சிவனாண்டி. இருவருக்கும் கடைவீதியில் கைகலப்பு. ஊரே பார்த்தது.

சிவனாண்டி ஜெயிலில்.

அய்யூப்போடு ஒரே பெஞ்சில் படித்தவன். திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவன்மேல் கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிறது...

செருப்புச் சத்தம்.

சௌந்தரவல்லி உள்ளே வந்தாள். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. 'உடம்பைக் கண்ணால பாக்காம கழத்த மாட்டேன்' என்று சொந்தக்காரர்களிடம் சண்டை போட்டவள்.

"உக்காருங்கக்கா. நானும் நேத்தே நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன்."

"என்னன்னு எழுதுன?"

"மரியாதையா, மனு மாதிரி. 'ஐயா, மேற்படி ஹயக்ரீவன் அகால மரணம் அடைந்துவிட்டபடியால், அன்னாரின் பெயரைத் தயவுகூர்ந்து நீக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு இங்கிலீஷ்ல. பத்து வரி."

"பதில்?"

"'இந்தக் கட்டளை புரியவில்லை'ன்னு வந்துச்சு. வரிக்கு ஒண்ணா பத்துத் தடவை! அந்தப் பக்கம் மனுசன் இல்லக்கா. மெஷினு."

சௌந்தரவல்லி சிரிக்கவில்லை.

"பொறவு?"

"பொறவு ஒத்தை வார்த்தை போட்டேன். அன்சப்ஸ்கிரைப்! பேரை நீக்குன்னு அர்த்தம். அதுக்கு, 'நீ எங்க லிஸ்டிலேயே இல்ல'ங்குது!"

"இல்லாதவனுக்கு எதுக்கு தினம் முப்பது அனுப்புதான்?"

"அதாங்க்கா எனக்கும் வெளங்கல!"

மின்விசிறி கிறீச்சிட்டது. தெருவில் ஒரு மாட்டுவண்டி முழுதாகக் கடந்து போனது.

சௌந்தரவல்லி மெதுவாகச் சொன்னாள்.

"மெஷின்கிட்ட ஏன் மல்லுக்கட்டுத? அந்த லிஸ்ட்டு ஆளுக எல்லார்கிட்டயும் கேளேன்."

"அய்யய்யோ! அது எல்லாருக்கும் போயிரும்க்கா. முட்டாப்பயன்னு ஏசுவானுக!"

"ஏசட்டுமே..."

"அதுக்கில்ல..."

"கேளு, தம்பி!"

குரலில் ஏதோ ஒன்று இருந்தது. அய்யூப் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். மோடம் கீச்சிட்டது... இரைந்தது... அறுந்தது! மறுபடி. மறுபடி! நான்காவது முறை மதுரை இன்டர்நெட் லைன் கிடைத்தது.

தட்டினான். 'அன்சப்ஸ்கிரைப். நீக்க முடியவில்லை. லிஸ்டில் இல்லை என்கிறது. ஆனால் மெயில் வருகிறது. என்ன செய்வது?' யார் பெயரும் போடவில்லை. அனுப்பினான்.

"வேற வேலை இருந்தா பாத்துட்டு வாங்கக்கா. பதில் வர நேரமாகும்."

"இருக்கேன்."

ஐந்து நிமிடம். அவள் கை சேலைத் தலைப்பைச் சுருட்டியது. பிரித்தது. சுருட்டியது...

ஆறாவது நிமிடம் பதில் வந்தது!

அனுப்பியவர் பெயர், 'ஒயிட் ஹவுண்ட்'. புது உறுப்பினர். ஆங்கிலத்தில் எரிந்து விழுந்திருந்தார்.

அய்யூப் படித்துத் தமிழில் சொன்னான்.

"'மடையனே! இதை எல்லோருக்கும் அனுப்பக் கூடாது. எந்த முகவரியில் சேர்ந்தாயோ, அதிலிருந்துதான் விலக வேண்டும். நீ சேர்ந்தது ஜனவரியில் மாற்றிய உன் பழைய...'"

நின்றான்.

"மேல படி."

"என்... என் பழைய முகவரியை எழுத்து விடாம போட்டிருக்குக்கா!"

அய்யூப்புக்கே அது மறந்துபோயிருந்தது! பழைய முகவரிக்கு வருவதெல்லாம் தானாகப் புதியதில் வந்து விழும்படி, இதே நாற்காலியில் உட்கார்ந்து செய்து கொடுத்தவர் ஒரே ஒருவர்.

ஹயக்ரீவன்!

அய்யூப் மோடத்தை அறுத்துவிட்டு டெலிபோனைப் பாய்ந்து எடுத்தான்.

பத்தாவது நிமிடம் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் ஸுந்தரராஜன் தொப்பியைக் கழற்றியபடி வந்தார்.

"ஏலே அய்யூப்! செத்தவன் லெட்டர் போட்டான்னு போன்ல கூவுத. வெயில்ல சுத்துனியா?"

"சார், இதைப் பாருங்க!"

பார்த்தார். கேட்டார். மோவாயைச் சொறிந்தார்.

"லிஸ்ட்டு நடத்துறவன் ரிஜிஸ்டரைப் பாத்துச் சொல்லியிருப்பான்லே."

"அதுல பழைய முகவரி இருக்கும் சார். ஆனா அது என்னோடதுன்னு எப்படித் தெரியும்? புதுசுல வேற பேரு. ரெண்டும் ஒரே கடைன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். மூணாவது ஆளு இல்ல!"

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

"உசுரோட இருக்கானா? எங்கலே?"

"மெயிலோட தலையில அனுப்புன மெஷின் பேரு வரும் சார்." ஸ்கிரீனில் விரலை வைத்தான். "இது ஸ்ரீவில்லிபுத்தூர் தெக்கு ரதவீதி பிரவுசிங் சென்டர். அந்த மெஷினுக்குப் பேரு வச்சதே நான்தான்!"

"பதிமூணு கிலோமீட்டர்லயா ஒளிஞ்சிருக்கான்!"

"ஆடிப்பூரத்துக் கூட்டம் சார். மொட்டை போட்டு நாமம் போட்டா யாருக்குத் தெரியும்? சிவனாண்டியை விலங்கோட கோர்ட்டுக்குக் கொண்டு வாரதைப் பாக்கணும்ல!"

இன்ஸ்பெக்டர் டெலிபோனைப் பிடுங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனை அழைத்தார். கத்தினார். வைத்தார்.

பிறகு திரும்பினார்.

சௌந்தரவல்லி அழவில்லை. மயங்கவில்லை. அதிசயப்படக்கூட இல்லை!

"ஏம்மா... உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"இப்ப நீங்களே கண்டுபிடிச்சிட்டிய. சட்டையில ரத்தம் வேணும்னு அவியளே கையைக் கீறிக்கிட்டாவ. நான்தான் துணி கட்டினேன்."

"அடிப்பாவி! நாப்பது நாளா ஏன் வாயைத் தொறக்கல?"

"ஆண்டாள் சந்நிதியில சத்தியம் வாங்கிட்டாவ சார். நான் வாயால சொல்ல மாட்டேன்னு." தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சிவனாண்டி பொஞ்சாதி வெள்ளத்தாய் தினம் வந்து என் வாசல்ல நிக்கா. ஏச மாட்டா. அழ மாட்டா. சும்மா நிக்கா. தூக்கம் போச்சு சார்."

அய்யூப் வாய் பிளந்தான்.

"அதான் என்னைய லிஸ்ட்ல கேக்கச் சொன்னீகளா? அவரு பதில் போடுவாருன்னு எப்படிக்கா தெரியும்?"

"இருபத்திரெண்டு வருசம் குடித்தனம் பண்ணிருக்கேன், தம்பி. நான் கோலம் போட்டா, புள்ளி தப்பும்பாவ. கல்யாண வீட்டுல ஐயருக்கே மந்திரம் எடுத்துக் குடுப்பாவ. ஒருத்தன் தப்பா செய்யுததைப் பாத்துட்டு சும்மா இருக்க அவியளால ஏலாது. செத்தாலும் ஏலாது!"

அய்யூப் மறுபடி மோடத்தை இணைத்து, பழைய முகவரிக்குள் போனான். ஒற்றை வார்த்தையைத் தட்டினான். அனுப்பினான். 'ஒயிட் ஹவுண்ட்' சொன்னது சரிதான்... ஒரே நிமிடத்தில் மெஷின் பதில் சொன்னது.

நீக்கப்பட்டது.

மோடத்தை அறுத்ததும் டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் எடுத்தார். கேட்டார். மெல்லச் சிரித்தார்.

"பிடிச்சாச்சு! நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லையாம். இன்னொருத்தனுக்குப் பதில் எழுதிக்கிட்டு இருந்தானாம்."

"ஓடப் பாக்கலியா சார்?"

"எங்க ஓட? ஏட்டு சோலைச்சாமி விலங்கு மாட்டும்போது, 'இப்படி இல்லய்யா, பூட்டு மேல் பக்கம் வரணும், கீழ இருந்தா கைதி சுலபமாக் கழத்திருவான்'னு சொல்லிக் குடுத்தானாம்!"

"ஏட்டு என்ன செஞ்சாராம்?"

"தேங்க்ஸ் சொல்லிட்டு, சரியா மாட்டிட்டாராம்!"