இரண்டு குழாய்களுக்கு நடுவே

மணியை அடிக்க வேண்டாம், கதவைத் தட்டினால் போதும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். டெஸ்டர் தட்டினார்.

சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் செருகியிருப்பதால் எலக்ட்ரீஷியனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருடைய மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கதவு ஒரு சாண் திறந்தது. கல்யாணக் களை இன்னும் போகாத முகம். கண்ணில் மட்டும் தூக்கம் இல்லை.

“சீக்கிரம் வாங்கண்ணே. அவர் வர்றதுக்குள்ள பாத்துட்டுப் போயிடணும்.”

“வீட்டுக்காரருக்குத் தெரியாதா, தங்கச்சி?”

“எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவே கூடாதுன்னுட்டார். அவரோட மூத்த தாரம் இங்க சமையலறையிலதான் ஷாக் அடிச்சுப் போனாங்களாம். அது தெரிஞ்சதிலிருந்து மனசே சரியில்ல.”

வெளியே நல்ல வெயில். சமையலறைக்குள் மட்டும் இப்போதுதான் யாரோ குளித்துவிட்டுப் போனது போல ஈரமும் சோப்பு வாசனையும். தரை உலர்ந்துதான் கிடந்தது.

சுவரில் கெய்சர். அதன் கீழே தொட்டியும் தண்ணீர்க் குழாயும். கைக்கெட்டும் தூரத்தில் அடுப்புக்குப் போகும் காஸ் குழாய்.

“கெய்சர் கசிஞ்சா தண்ணிக் குழாய்ல கரண்டு ஏறும். காஸ் குழாய் மண்ணுக்குள்ள போகுது. ரெண்டையும் ஒண்ணாத் தொட்டா நடுவுல நாமதான் கம்பி. அதுக்குத்தான் ரெண்டையும் சேர்த்து ஒரு பச்சைக் கம்பியால கட்டி வைக்கிறது” என்றபடி டெஸ்டரைத் தண்ணீர்க் குழாயில் வைத்தார்.

அதன் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“தங்கச்சி, இதுலயா பாத்திரம் கழுவுற?”

“தினமும்.”

“ஒரு தடவைகூட அடிக்கலையா?”

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

டெஸ்டர் வாசலுக்கு ஓடி மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தார். பச்சைக் கம்பி இருந்தது. நடுவில் வெட்டப்பட்டிருந்தது. நாள்பட்ட செம்பு கறுத்துப் போகும். இந்த வெட்டுவாய் புதுக் காசு போல மின்னியது.

இந்த வாரத்து வெட்டு.

அவளிடம் உடனே சொல்லவில்லை. கருவிப் பையிலிருந்து மின்தடை பார்க்கும் மீட்டரை எடுத்து, அதன் ஒரு கிளிப்பைக் காஸ் குழாயிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் மாட்டினார். கம்பி சரியாக இருந்தால் பூஜ்யம் வரும்.

பூஜ்யம் வரவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எண் வந்தது. அவசரத்தில் மீட்டர் முனைகளை ஈர விரலால் பிடித்துவிட்டால் வருகிற எண். ஆள் உடம்பு காட்டுகிற எண்.

‘புத்தி கெட்டவனே, கையை எடு’ என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.

எண் போகவில்லை.

மண் வழியாக வந்திருந்தால் அசையாமல் நிற்கும். இது மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

மூச்சு விடுவது போல.

“அண்ணே,” அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “சொன்னா சிரிப்பீங்க. குழாயைத் திறந்துட்டு இந்தக் கையை அடுப்புப் பக்கம் நீட்டுறப்பல்லாம், யாரோ ஈரக் கையால தட்டி விடுறாங்க.”

டெஸ்டர் சிரிக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். டெஸ்டர் தொட்டிக்கு அடியில் இருந்த கதவைக் காலால் தள்ளி மூடினார்.

“யாரு இது?” கணவர் சத்தம் போடவில்லை, புன்னகைத்தார். ஆனால் பார்வை நேரே தொட்டிக்கு அடியில் இருந்த கதவுக்குப் போனது. அது மூடியிருந்தது.

“குழாய் ஒழுகுதுன்னு சொன்னாங்க சார்.” டெஸ்டர் மீட்டரைக் கழற்றிச் சுருட்டினார். “புதுசு மாத்தணும். தங்கச்சியும் கடைக்கு வந்து மாடல் பாத்துட்டா நல்லது. அப்புறம் பிடிக்கலைன்னா என் தலைதான் உருளும்.”

“அவ எதுக்கு?”

“என் வீட்ல இப்படித்தான் சார், நானே வாங்கிட்டுப் போய் இன்னும் வாங்கிக் கட்டிக்கிறேன்.”

கணவர் யோசித்தார். “சரி, சீக்கிரம் வந்துடு. பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு.”

வெளிக் கதவைத் தாண்டியதும் டெஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “திரும்பிப் போகாதே. கம்பியை வெட்டி வச்சிருக்கான். உனக்காகத்தான்.”

அவள் அழவில்லை. “அப்போ மூத்தவங்களும்...” என்று பாதியில் நிறுத்தினாள்.

சமையலறை ஜன்னல் அவர்கள் தலைக்கு மேலே திறந்திருந்தது. உள்ளே தொட்டிக் கதவு கிரீச்சிட்டது. வெட்டிய கம்பியை மறைக்கப் பார்க்கிறான் என்று டெஸ்டருக்குப் புரிந்தது. போகட்டும், கண்ணால் பார்த்தாயிற்று. அவள் தோளைத் தொட்டு நடக்கச் சொன்னார்.

தண்ணீர் கொட்டும் சத்தம்.

பிறகு கணவரின் குரல். இப்போது அதில் புன்னகை இல்லை.

“விடு.”

டெஸ்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஃபியூஸ் அங்கேதான் இருந்தது. அந்த வீட்டில் ஒரு பொட்டுக் கரண்டு கிடையாது.

“விடு... கையை விடு. தெரியாமப் பண்ணிட்டேன், விட்டுடு...”

அப்போது குழாய் மூடப்பட்டது. நிதானமாக, கடைசிச் சொட்டு நிற்கும்வரை யாரோ இறுக்கித் திருகினார்கள்.

உள்ளே அவர் இன்னும் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தார்.