மேனி நிறப் புட்டி

காலை 8.20. வக்கீல் வீட்டுக் கண்ணாடி அலமாரி பூட்டியது பூட்டியபடியே இருந்தது. உள்ளே வண்ணப்பெட்டியைத்தான் காணவில்லை.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் நிறம் தீட்டுவதற்காக அந்தக் காலத்தில் செய்த மரப்பெட்டி. மயிரிழைத் தூரிகைகள், பன்னிரண்டு சின்னப் புட்டிகளில் வண்ணப்பொடி. வக்கீல் சேர்த்த பழம்பொருள்களில் அதற்கு ஈடு கிடையாது.

9.05. இன்ஸ்பெக்டர் வந்தபோது, வீட்டுவேலை செய்யும் பெண் அழுது முகம் வீங்கி நின்றிருந்தாள்.

“இந்த ரூமைப் பெருக்குறது இவதான். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றார் வக்கீல்.

“சாவி?”

“என் மேஜை டிராயர்ல.”

இன்ஸ்பெக்டர் அலமாரிக்குள் குனிந்தார். மூலையில் ஒரு புட்டி மட்டும் நின்றது. ஒட்டியிருந்த சீட்டில் ‘மேனி நிறம்’. முக்கால்வாசி காலி.

“இதை யார் உபயோகிச்சது?”

“நான்தான். எம்பொண்ணு படத்துக்கு.”

சுவரைக் காட்டினார். இருபது வருடத்துக்கு முன் காய்ச்சலில் போன மகள், ரோஜா நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கறுத்து மெலிந்த கை.

“பொண்ணு யார் ஜாடைம்மா?”

“என்னை உரிச்சு வச்சிருப்பா. நிறம்கூட.”

வக்கீல் செருமினார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “வேலைக்கார அம்மாவை விட்டுடுங்க சார். விக்கத் திருடுறவன் பெட்டியில ஒரு புட்டியைக் குறைக்கமாட்டான். இதை மட்டும் வெளிய எடுத்து வச்சிட்டுப் போனவங்களுக்கு இந்த நிறமே ஆகாது.” மனைவியின் பக்கம் திரும்பினார். “சாவி இருக்கிற இடம் உங்களுக்கும் தெரியும். இல்லையாம்மா?”

மனைவி உள்ளே போய்ப் பெட்டியையும் ஒரு சின்னப் படத்தையும் கொண்டுவந்தார்.

“அதே படம்தான். இன்னொரு பிரதி. உயிரோட இருந்தப்ப வெயில்ல போகாதே, கறுத்துடுவேன்னு அவளைத் திட்டினீங்க. செத்த பிறகும் வெளுக்க வச்சீங்க. இதையே பாத்துப் பாத்து எனக்கு அவ முகம் மறந்துக்கிட்டு வருது. அதான் எடுத்தேன்.” வேலைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்தார். “உன்மேல பழி விழுந்தப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிரும்மா.”

9.40. வக்கீல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கறுத்த நெற்றி, கறுத்த கன்னம். அவர் மகள்.

“இந்த நிறம் எப்படி வந்தது?” என்று கேட்டார்.

“என் கையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கலந்தேன்.”